அரைத் தாளம் முந்தி

மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வைத்திருந்த பட்டப்பெயர் முந்திரிக்கொட்டை. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபப்படவில்லை, கோபப்பட அவருக்கு எங்கே நேரம்? இசை வகுப்பில் "இந்தக் குறிக்கு எத்தனை எண்ணிக்கை?" என்று கேட்பார். எழுந்த பெண் நாற்காலியை நகர்த்தி நிமிர்வதற்குள் "நாலு, உட்கார்" என்பார். தொலைபேசியில் யாராவது "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தால் போதும், "முடியும், வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். அப்புறம் எதற்கு, எங்கே வரச் சொன்னார்கள் என்று தெரியாமல் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்த மனுஷன் என்று அவர் மனைவி சொல்வாள்.

ஆனால் மொத்தப் பழியையும் பிறப்பின் மேல் போட முடியாது. பாதிப் பழி ஆர்கனுடையது.

அவர் வாசிக்கும் ஆலயத்தில் ஆர்கனின் கட்டைகள் ஓரிடம், குழாய்கள் வேறிடம். கட்டைகளும் கால்மிதிகளும் உள்ள மேசை முன்னால், பீடத்துக்குப் பக்கத்தில். குழாய்களோ பின்சுவரில், வாசல் கதவுக்கு மேலே, மாடி உயரத்தில். இங்கே விரல் அமுக்கினால் அங்கே சத்தம் பிறந்து, அத்தனை பெஞ்சுகளையும் தாண்டி வந்து மாஸ்டர் காதில் விழ ஒரு கணம் பிடிக்கும். சபையார் அதைக் கேட்டுப் பாடி, அந்தப் பாட்டு வந்து சேர இன்னும் கொஞ்சம். வாசிப்பவர் தன் காதை நம்பினால் தொலைந்தார். சத்தம் வரட்டும் என்று அவர் காத்திருப்பார், அவர் வாசிக்கட்டும் என்று சபை காத்திருக்கும். நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று வாசலில் உபசாரம் பண்ணிக்கொள்ளும் இரண்டு பேர் மாதிரி பாட்டு இழுபட்டு இழுபட்டு மூன்றாவது சரணத்தில் படுத்தே விடும். வெளியூரிலிருந்து வந்த எத்தனையோ கெட்டிக்காரர்கள் அந்த மேசையில் மூக்குடைபட்டுப் போயிருக்கிறார்கள். மாஸ்டர் உடைபடவில்லை. காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் போல, வந்துகொண்டிருக்கும் சத்தத்துக்கு அரைத் தாளம் முந்தியே வாசித்துக்கொண்டு போவார். கேட்காதே, வாசி. இதுதான் அவருடைய தொழில் மந்திரம். வருஷக்கணக்கில் அப்படி வாசித்தவர், ஆலய வாசலைத் தாண்டியதும் மட்டும் நிதானப்பட்டுவிடுவாரா என்ன?

அவருடைய வாழ்க்கையும் அந்த வேகத்தில்தான் ஓடியிருந்தது. முதல் ஊரில் ஒரு சின்ன ஆலயம், காலால் மிதிக்கும் பெட்டி ஆர்கன், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட பாடகர் குழு. கீழ்க்குரல் பாடும் பெண்கள் வரிசையில் நின்ற ஒருத்தியைப் பார்த்தார், அவள் வீட்டார் யோசித்துச் சொல்வதற்குள் தேதியே குறித்துவிட்டார். இரண்டாவது ஊரில் பெரிய ஆலயம், முதல் குழாய் ஆர்கன். மூன்றாவது ஊரில் ஆர்கனோடு பள்ளிக்கூட வாத்தியக் குழுவும். நான்காவது ஊரில் பேர் பெற்ற பாடகர் குழு. எங்கே போனாலும் முதலில் தலைகால் புரியாது, அப்புறம் பழகிப்போகும், அதற்கும் அப்புறம் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தடவையும் அங்கே "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வீட்டில் சொல்வார். மனைவி சாமான் கட்டுவாள். மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் புதுச் சீருடை போடுவாள். அந்த மகளும் இப்போது கல்யாணமாகித் தன் பாட்டுக்குத் தூரத்தில் இருக்கிறாள். கேட்டால் எந்த ஊர்ப் பெண் என்று சொல்ல அவளுக்கே தெரியாது.

இந்த ஐந்தாவது ஊரில்தான் மனைவி சுவரில் ஆணி அடித்தாள். அதற்கு முன்பு எந்த வீட்டிலும் அடித்ததில்லை. எடுத்துக்கொண்டு போகப்போவதை எதற்கு மாட்டுவது? தையல், வங்கியில் தற்காலிக வேலை, தட்டச்சு என்று ஊருக்கு ஒன்றாகத் தொட்டுவிட்டு வந்தவளுக்கு இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. முதலில் கண்ணாடி துடைத்தாள். பிறகு சட்டங்களை வளைத்து மூக்குக்கும் காதுக்கும் பொருந்த வைக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது கடையே அவள் பொறுப்பில். தெருவில் போனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்து, "கொஞ்சம் சரி பண்ணிக் கொடும்மா, வழுக்குது" என்பார்கள். அவளும் அங்கேயே நின்று சரி பண்ணிக் கொடுப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேறு நகரத்துப் பெரிய இசைக்குழுவில் கண்டக்டர் இடம் காலியானது. அறுபது எழுபது வாத்தியங்கள், அதே அளவு பாடகர்கள், அவர்கள் முன்னால் கையில் ஒரு சின்னக் குச்சியோடு நின்று எல்லோரையும் நடத்துகிற ஒருவர். ஆர்கன் வாசிப்பவர் வாழ்நாளெல்லாம் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரும் முதுகைத்தான் காட்டுகிறார், ஆனால் நின்றுகொண்டு காட்டுகிறார். மாஸ்டருக்கு அது இள வயதிலிருந்தே ஆசை. விண்ணப்பித்தார். இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆளுக்கு மூன்று ஒத்திகை, ஒரு கச்சேரி, அப்புறம் முடிவு. இன்னொருவர் தன் கச்சேரியை முடித்துவிட்டிருந்தார்.

விஷயம் தெருவில் பரவியது. பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள்: "மாஸ்டர் கண்டக்டர் வேலைக்குப் போறாராமே, எந்த பஸ்லம்மா?"

"இன்னும் ரூட்டு முடிவாகலைங்க," என்றாள் அவர் மனைவி.

தெருவில் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா?"

"தெரியும். ரயில்ல போனா அப்படி ஒண்ணும் தூரம் இல்ல, வீடு நல்லதாவே..."

"நான் சொல்ல வந்தது அது இல்ல. இந்தத் தடவை நான் வரமாட்டேன். சாமான் கட்ட மாட்டேன். என்னால முடியாது."

ஆனால் மனதுக்குள் மாஸ்டரின் கணக்கு வேறாக இருந்தது. முதலில் வேலை கிடைக்கட்டும், மேடையில் என்னைப் பார்க்கட்டும், தன்னால் மனசு இளகும். நாலு தடவை இளகியதல்லவா? அது இளகியதா, வேறு வழியில்லாமல் வந்ததா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தனியாகப் போய் இருப்பது என்ற எண்ணம் மட்டும் அவர் தலையில் ஏறவே இல்லை. அவள் இல்லாத வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

முதல் ஒத்திகைக்குப் போனார். உயரமான கூரை, மடக்கு நாற்காலிகள், சுவரோரம் வாத்தியப் பெட்டிகள். மேடைமீது ஏறி நின்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் ஒரேயடியாக ஓடின. குச்சியை உயர்த்தினார், ஆரம்பித்தார். வாத்தியங்கள் அவர் கைக்கு ஒரு நூல் பின்னால் வந்தன. எந்தக் குழுவும் அப்படித்தான் வரும். கையைப் பார்த்து, மூச்செடுத்து, வில்லை இழுக்க ஒரு கணம் ஆகுமே. ஆனால் மாஸ்டருக்குப் பின்னால் வரும் சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான்: நம்பாதே, முந்து. முந்தினார். அவர்கள் அவரைப் பிடிக்க ஓடினார்கள். அவர் இன்னும் முந்தினார். கடைசியில் இரண்டு கையையும் அள்ளி மூடி, வெற்றியோடு நிமிர்ந்தார். இசைக்குழு இன்னும் இரண்டு வரி வாசித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் முரசு வாசிப்பவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "கண்டக்டரோட வண்டி போயிடுச்சுப்பா. பயணிங்கதான் ஸ்டாப்புல நிக்கறோம்."

சிரிப்பு அடங்க நேரமானது. மாஸ்டரும் சிரித்துவைத்தார்.

ஒத்திகை முடிந்ததும் முதல் வயலின் வாசிக்கும் அம்மாள் அவர் பக்கம் வந்தாள். அவர் வயதுதான் இருக்கும். வயலினைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்களைக் கேக்கவே மாட்டேங்கறீங்க."

"என்ன கேக்கணும்? நடுவுல ஓய்வு வேணுமான்னா? தாராளமா..."

"ஐயோ, அந்தக் கேக்கறது இல்ல. காதால கேக்கறது. நாங்க என்ன வாசிக்கறோம்னு உங்களுக்குத் தெரியல. நாங்க என்ன வாசிக்கணும்னு மட்டும்தான் தெரியுது."

தலை நரைத்த சங்கீத வாத்தியாரைப் பார்த்துக் காதால் கேளுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ரயிலில் பாதி வழி வரை அந்த அம்மாளுக்குச் சுடச்சுடப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார், மனதுக்குள்தான். மீதி வழியில் பதில்கள் தீர்ந்துபோயின. எதிர் இருக்கையில் ஒருவர் தன் கூட வந்தவரிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் முடிவு என்ன என்று மாஸ்டர் ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டார். முடிவு வேறாக இருந்தது. ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபடி, "இன்னைக்குக் கடையில..." என்று ஆரம்பித்தாள். வழக்கமாக இந்த இடத்தில் "கூட்டமா?" என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் நிறுத்தினாள். அவர் பேசுவார் என்று பார்த்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கிட்டே வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீ சொல்லு."

"அங்க ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"எனக்குக் கேக்கத் தெரியலையாம். பழகிக்கறேன்."

"என்கிட்டயா?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, ஓசியில ஒரு ஜோடிக் காது கிடைக்குது, விடுவேனா?" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படித்தான் தினசரிப் பாடம் ஆரம்பித்தது. கடைக்கு வந்த ஒரு பெண் புதுக் கண்ணாடி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தாளாம். அதைப் போட்டதிலிருந்துதான் புருஷன் கிழவனாகத் தெரிகிறானாம். எழுத்துப் பலகையை முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த ஒருவர், பலகையை மாற்றி வைத்த பிறகும் பழையதையே கடகடவென்று ஒப்பித்தாராம். மாஸ்டர் கேட்டார். ஒவ்வொரு கதையிலும் நாலு இடத்தில் அவருக்கு நாக்கு நமநமவென்றது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் இவள் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று பட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நான் ஏன் பாடறதை விட்டேன்னு தெரியுமா உங்களுக்கு?"

நேரமில்லை, குழந்தை பிறந்தது என்று பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கினார்.

"நீங்கதான் விடச் சொன்னீங்க. அந்த ரெண்டாவது ஊர்ல. எல்லார் முன்னாடியும், 'நீ பின்னாடியே இழுத்துக்கிட்டு வர்றே, போய் உட்காரு'ன்னீங்க. நான் இழுக்கலைங்க. பக்கத்துல பாடினவங்களைக் கேட்டுப் பாடினேன். உங்க விரலைப் பாத்துப் பாடியிருந்தா சரியா இருந்திருக்கும், எனக்கு அது தோணல. வீட்டுக்கு வந்து நீங்க சாப்பிட்டீங்க, தூங்கினீங்க. மறுநாள் நான் ஒத்திகைக்கு வரல. ஏன் வரலைன்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

அவள் கைகள் மடிப்பதை நிறுத்தவில்லை. மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சம்பவம் அவருக்கு ஞாபகமே இல்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவள் முடித்துவிட்டாளா என்று பார்த்தார். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான், "தப்புதான்" என்றார்.

"ம்," என்றாள் அவள்.

இரண்டாவது ஒத்திகையில் மாஸ்டர் குச்சியை உயர்த்தி, இறக்கி, காத்தார். அந்த ஒரு நூல் இடைவெளி அவருக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. சத்தம் வந்தது. அதன் மேல் அடுத்த அடியை வைத்தார். மறுபடியும் வந்தது. குழல்காரர்கள் மூச்செடுக்கும் இடங்கள் முதன்முதலாக அவர் காதில் விழுந்தன. அங்கே அவர்களுக்கு ஒரு இணுக்கு நேரம் கொடுத்தார். முரசுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது ஒத்திகையில் யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. மனைவிக்குக் கடை இருந்தது, வரவில்லை. அரங்கம் நிறைந்திருந்தது. நடுவே ஓரிடத்தில் பாடகர் குழுவின் ஆண்கள் பதற்றத்தில் ஒரு வரி முன்கூட்டியே நுழைந்துவிட்டார்கள். பழைய மாஸ்டராக இருந்தால் அது அவர் காதிலேயே விழுந்திருக்காது; மொத்தமும் கவிழ்ந்திருக்கும். இப்போது விழுந்தது. இடது கையால் வாத்தியங்களைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் அந்த ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்து இடத்தில் சேர்த்தார். அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் வயலின் அம்மாளுக்குத் தெரிந்தது; வில்லை நிறுத்தாமலே அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கைதட்டல் ஓயவில்லை. அவருக்கு அழுகை வந்தது, குனிந்து கும்பிட்டு மறைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் குழுவின் செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இடம் உங்களுக்குத்தான் மாஸ்டர். கமிட்டி ஒருமனசா இருக்கு. என்ன சொல்றீங்க?"

"ச..." என்று மாஸ்டரின் வாய் குவிந்தே விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திரும்ப உள்ளே இழுத்தார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்."

செயலாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "கேளுங்க, கேளுங்க. ஆனா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க. இன்னொருத்தர் ஃபோன் பக்கத்துலயே உட்காந்திருக்கார்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரயிலேறி, நிலையத்திலிருந்து நேரே ஆலயத்துக்குப் போனார். பையை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுத்தான் முதல் பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கலாம். முதல் வரியை அமுக்கினார். பின்சுவரிலிருந்து அது புறப்பட்டு வருவது அவருக்குக் கேட்டது.

அடடா, இந்தச் சத்தத்தையா இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தோம் என்று நினைத்தார். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வியப்பில் விரல் ஒரு கணம் தங்கியது. சபை தங்கியது. அவர் சபையைக் கேட்டார், சபை அவரைக் கேட்டது. முந்து, முந்து என்று தலைக்குள் யாரோ கத்தினார்கள். ஆனால் நேற்றுக் கச்சேரி முழுக்கத் திறந்து வைத்த காது மூடமாட்டேன் என்றது. இரண்டாம் சரணத்தில் முன்பெஞ்சுக்காரர்கள் ஒரு வரியிலும் பின்பெஞ்சுக்காரர்கள் வேறு வரியிலும் இருந்தார்கள். மூன்றாம் சரணம் ஆரம்பிக்கவே இல்லை. பாஸ்டர் இருமிவிட்டு, "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தலை குனியாமல் மாஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை எப்படியோ ஒப்பேறியது. வாசலில் பாஸ்டர், "ராத்திரி தூக்கமில்ல போல" என்று பட்டும் படாமலும் கேட்டார். மாஸ்டர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு நடக்கையில், அந்த ஆர்கன் மேசை கைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பப் பழகலாம், பழகுவதென்றால் திரும்பவும் காதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு அந்த இடம் கொடுத்துட்டாங்க," என்றார். "நான் இன்னும் சரின்னு சொல்லல. உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன். கேக்கறேன். என்ன சொல்றே?"

அவள் கண் கலங்கியது. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, நிதானமாக ஆரம்பித்தாள்.

"நான் வரலைங்க."

மாஸ்டர் கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை கேட்டுவிட்டார் அல்லவா, இனி செய்ய வேண்டியதுதானே பாக்கி! அவருக்குள் ஏதோ பொங்கி வந்தது. நாலு ஊருக்கு இவளை இழுத்துக்கொண்டு அலைந்தோம், ஒரு ஊருக்காவது இவளுக்காக நிற்போம். துக்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தியாகம் செய்யும் வேகத்தில் மனுஷனுக்கு இறக்கை முளைத்துவிட்டது. "சரி, புரியுது, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று எழுந்தார். அவள் "இருங்க" என்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து அன்பாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செயலாளருக்கு ஃபோன் போட்டார். "இடம் வேணாங்க. வீட்ல சரிப்படல. மன்னிச்சுக்குங்க." அந்தப் பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது அவர் முகம் ஜொலித்தது.

"வேணாம்னு சொல்லிட்டேன். நாம இங்கேயே இருக்கலாம்."

அவள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் இன்னும் முடிக்கலையே," என்றாள்.

"வரலைன்னியே?"

"வரலைன்னுதான் சொன்னேன். போகாதீங்கன்னு சொன்னேனா? நான் வரல, நீங்க போங்கன்னு சொல்ல வந்தேன். காலைல சர்ச்ல பாத்தேனே, இனிமே உங்களால அந்த ஆர்கன் முன்னாடி உட்கார முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூப்பிடுங்க. மறுபடி கூப்பிடுங்க. இல்ல, குடுங்க, நான் பேசறேன்."

அவளே பேசினாள். செயலாளர் பதறினார். "ஐயோ அம்மா, இப்பத்தான் அந்த இன்னொருத்தர்கிட்ட சொல்லி வெச்சேன். நான் சொல்லி முடிக்கக்கூட இல்ல, அவர் சரின்னுட்டார்."

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள். மாஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றார். இந்த வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு இடம், கையில் வந்த இடம், அவரேதான் தட்டிவிட்டார். யாரைக் குறை சொல்வது?

"இத்தனை வருஷம் என்னைக் கேக்காமலே எல்லாம் பண்ணீங்க. இன்னைக்குத்தான் கேட்டீங்க," என்றாள் அவள். குரல் உடைந்தது. "அதையும் பாதிதான் கேட்டீங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க. நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்லிடறேன்."

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லணும். உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் சொன்னாள். இடம் உங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்வது என்று நீங்கள் ஒத்திகைக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தபோதே யோசித்துவிட்டேன், என்றாள். அந்த நகரத்து ரயில் நிலையத்துக்குப் பின்னால் நம் கடைக்குக் கண்ணாடிச் சட்டம் அனுப்புகிறவர்களின் மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஜன்னல் தெருப்பக்கம், கேட்டு வைத்தேன். திங்கட்கிழமை காலை போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடலாம். உங்களுக்குத் துணி துவைக்கத் தெரியாது, வாரக் கடைசியில் மூட்டையாகக் கொண்டு வந்துவிடுங்கள். பொரியலாவது வைக்கச் சொல்லித் தருகிறேன். வெள்ளிக்கிழமை வந்து வாரம் பூரா நடந்ததைச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன், தினமும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். கச்சேரி அன்று நான் கடையைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன், நேற்று வராதது எனக்கே பொறுக்கவில்லை. அப்புறம், அங்கே பாடகர் குழுவில் கச்சேரி சமயத்தில் மட்டும் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரிக்கச் சொல்லலாம் என்று இருந்தேன். சேர்த்துக்கொண்டால் நான் பாடுவேன்.

அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அவள். "அவ்வளவுதான்."